பெரிய மீன் தொட்டியை விட்டுச் சின்னத் தொட்டிகளுக்கு மாறுவது எப்படி

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். இந்த அளவுத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் கிட்டத்தட்ட 450 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியும் கல்லும் ஸ்டாண்டும் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும். வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தரைத்தள வீட்டுக் கூடத்தில் அந்த அரை டன் ஒன்பது வருடம் இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை. அம்மாவையும் அரிசி மூட்டையையும் மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டோம். தொட்டியை ஏற்ற முடியவில்லை. நானும் தம்பியும் முறை வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று. பாதி மீன்களுக்கு மேல் பிழைத்தன. கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில், தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே போட்டுவிட்டேன். மூன்று நாள் மூடிக் கிடந்த டப்பாவுக்குள் காற்றில்லாமல் கெட்டுப்போன தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கியது. வெள்ளத்தில் தப்பித்த மீன்களில் பல, மறுநாள் காலையில் மிதந்தன. ஃபில்டரைத் திறந்து கழுவிவிட்டுப் போட்டிருந்தால் அவை இருந்திருக்கும். இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

அதற்கப்புறம்தான் மூன்று சின்னத் தொட்டிகளுக்கு மாறினோம். வாடகை வீடு மாறுபவர்கள், குடம் தூக்க முடியாமல் முழங்கால் வலிப்பவர்கள், கரண்ட் பில்லுக்குப் பயப்படுபவர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். முதல்முறை செய்பவர்களுக்காக, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. வேலை குறையும் என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். தூக்குவது குறையும், தண்ணீர் குறையும், கரண்ட் குறையும். கவனம் மட்டும் முன்னைவிடக் கூடுதலாக வேண்டும். 450 லிட்டரில் ஒரு மீன் செத்து, ஒரு நாள் கண்ணில் படாமல் போனாலும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். 40 லிட்டரில் தாங்காது, மறுநாளே கெடும். அதனால் சின்னத் தொட்டி பழகும்வரை பெரிய தொட்டியை நிறுத்தக் கூடாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பழையதைக் காலி செய்து புதியதை நிரப்புகிறவர்கள்தான் அதிக மீனை இழக்கிறார்கள். குறைந்தது ஐந்து, ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

எந்த மாதம் நல்லது

பொங்கல் கழித்து, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ செய்யுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், மீனுக்கோ அந்தச் சூட்டில் அதிக ஆக்சிஜன் தேவைப்படும். பையிலும் பக்கெட்டிலும் அடைத்து வைக்கிற நாளுக்கு இது ஆகாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கரண்ட்டை நம்ப முடியாது. அவ்வளவுதான்.

முதலில் மீன் கணக்கு

தொட்டி வாங்கக் கிளம்பாதீர்கள். ஒரு தாளில் உங்களிடம் உள்ள மீன்களை எழுதி, ஒவ்வொன்றும் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் குறியுங்கள். ஆஸ்கர் ஓர் அடி வளரும். சில்வர் ஷார்க்கும் அப்படித்தான். டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் வாங்கிவந்த சக்கர் மீன் ஒன்றரை அடி வரை போகும். ஷார்க் என்று விற்கிற பங்காசியஸ் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடிய ஆற்று மீன். அரோவானாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்குச் சின்னத் தொட்டியில் இடமே இல்லை. "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று இரண்டடித் தொட்டியில் போடுவது அந்த மீனுக்குச் செய்கிற கொடுமை.

கோல்டுஃபிஷ் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கோல்டுஃபிஷ் என்பது நம் மனதில் பதிந்துபோன படம். உண்மையில் அது நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிவு போடுகிற, கையளவு வளர்கிற மீன். நிழலான இடத்தில் சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிற வீடு கிடைத்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.

சின்னத் தொட்டிக்குப் பொருந்துபவை கப்பி, பிளாட்டி, ஜீப்ரா டேனியோ, நியான் டெட்ரா, செர்ரி பார்ப், கோரிடோரஸ், தனியாக ஒரு ஃபைட்டர். டெட்ரா, டேனியோ, கோரிடோரஸ் எல்லாம் கூட்டமாக வாழ்பவை, ஆறுக்குக் குறையாமல் வையுங்கள். ஃபைட்டரையும் கப்பியையும் ஒன்றாக விட வேண்டாம். கப்பியின் வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று பாய்ந்துவிடும். டைகர் பார்ப்பும் நீளத் துடுப்புகளைக் கடித்துத் தள்ளும்.

மிச்ச மீன்களை என்ன செய்வது? நாம் வடசென்னைக்காரர்கள், இதில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பண்ணைக்காரர்களும் அங்கே வருவார்கள். ஒரு வார நாளில் மீனின் போட்டோவோடு போய், நாலைந்து கடையில் கேளுங்கள். ஞாயிறு கூட்டத்தில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. காசு பெரிதாகக் கிடைக்காது. "பதிலுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் கொடுங்கண்ணே" என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். (ஏர் பம்ப் விடுகிற காற்றால் தண்ணீரைத் தனக்குள் இழுத்துச் சுத்தம் செய்வதுதான் ஸ்பாஞ்ச் ஃபில்டர்.) நான் கேட்ட மூன்றாவது கடையில் அப்படித்தான் முடிந்தது. மீனை விடப்போகும் தொட்டியை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஒன்பது வருடம் வளர்த்த மீன், கேட்பதில் தவறே இல்லை.

எந்தக் காரணத்துக்காகவும் ரெட்டேரியிலோ புழலிலோ கொரட்டூர் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்து விடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த சக்கர் மீன் நம் ஏரிகளில் பெருகிக் கிடப்பது இப்படித்தான். அதன் முரட்டு முள் வலையைக் கிழிக்கும், கரையில் குழி தோண்டி முட்டையிடும். அதன் உடம்பில் கவசம் மாதிரித் தட்டுகள் இருப்பதால் நம் ஊர்ப் பறவையோ மீனோ அதை எளிதில் தின்னாது. பாதிக்கப்படுவது அந்த ஏரியில் வலை வீசிப் பிழைக்கிற குடும்பங்கள். சிவப்புக் காது ஆமைக்கும் இதே பேச்சுதான்.

எத்தனை தொட்டி, என்ன அளவு

மீன் கணக்கு முடிந்ததும் தொட்டி தானாகத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி ஒன்று, அது 56 லிட்டர். ஒன்றரை அடி நீளத்தில் ஒன்று, 42 லிட்டர். ஓர் அடிச் சதுரத்தில் ஃபைட்டருக்கு ஒன்று, 28 லிட்டர். கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் இதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். புதிதாகச் செய்கிறவர்கள் இரண்டடித் தொட்டிக்குக் கீழே போகாமல் ஒரே ஒரு தொட்டியில் தொடங்கினாலும் நல்லதுதான். கிண்ணம் வேண்டவே வேண்டாம்.

வடசென்னைப் பெண்கள் தண்ணீரைக் குடத்தில்தான் அளப்பார்கள். அதே கணக்கில் சொல்கிறேன். பிளாஸ்டிக் குடம் ஒன்று ஏறக்குறைய 15 லிட்டர். பெரிய தொட்டியில் வாரம் கால் பங்கு மாற்ற ஏழெட்டுக் குடம் ஆனது. இப்போது மூன்று தொட்டிக்கும் சேர்த்து இரண்டு குடம். தெருக் குழாயில் வரிசை நிற்கும் நாட்களில் ஏழெட்டுக் குடத்தை மீனுக்கு ஊற்றுவது எனக்கே கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் இப்போது இல்லை.

கரண்ட்டும் அப்படித்தான். 30 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் மாதம் 21, 22 யூனிட். இரண்டு மாத பில்லில் 43 யூனிட். 5 வாட் ஏர் பம்ப் இரண்டு ஓடினால் மாதம் 7 யூனிட்தான்.

மேற்கு வெயில் விழும் ஜன்னல், அடுப்பங்கரைச் சுவர், இன்வெர்ட்டர் பக்கம் மூன்றையும் தவிருங்கள். தொட்டிக்குக் கீழே முழு அளவில் தெர்மாகோல் ஷீட் ஒன்று விரியுங்கள். மேசை சமமாக இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒரு முனையில் பாரம் விழுந்து விரிசல் விடும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கி பம்ப்பைக் கெடுக்கும், தரையையும் நனைக்கும். மேலே மாட்ட வழியில்லை என்றால் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழிகிற சொட்டு பிளக்குக்குப் போகாமல் கீழே விழும்.

ஸ்பாஞ்சைப் பழக்குவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதை நிதானமாகப் படியுங்கள்.

மீனின் கழிவிலும் தின்னாமல் விட்ட தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றி அதை வெளியேற்றுகிறோம். உங்கள் பழைய தொட்டி இத்தனை வருடம் தெளிவாக ஓடியது இந்தப் பாக்டீரியாவால்தான். ஆனால் இவை தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்ச், ஃபில்டருக்குள் போடுகிற செராமிக் ரிங் என்ற பீங்கான் வளையம், கல் ஆகியவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பழைய தண்ணீரை மொத்தமாகத் தூக்கிப் புதுத் தொட்டியில் ஊற்றினால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். கொளத்தூர்க் கடைக்கார அண்ணன்தான் திருத்தினார்: "தண்ணிய எதுக்குங்க தூக்கிட்டு அலையறீங்க? ஸ்பாஞ்ச தூக்குங்க."

முதல் வாரத்திலேயே, எத்தனை சின்னத் தொட்டி வைக்கப் போகிறீர்களோ அத்தனை புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிப் பெரிய தொட்டிக்குள் போட்டு ஓடவிடுங்கள். புது ஸ்பாஞ்ச் முதல் நாள் மிதக்கும், கையால் அழுத்திப் பிழிந்தால் உட்காரும். நாலு வாரம் அங்கேயே இருக்கட்டும். இந்தப் பாக்டீரியா மெதுவாகப் பெருகுகிற ஜாதி, நம் ஊர்ச் சூடு அதற்குச் சாதகம் என்றாலும் அவசரப்படுத்த முடியாது. ஸ்பாஞ்ச் பழுப்பேறி, தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அதைப் பார்த்து அழுக்கு என்று குழாயடியில் கழுவிவிடாதீர்கள், நாலு வாரம் காத்திருந்ததே அதற்குத்தான். அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீரை ஒரு மக்கில் எடுத்து அதற்குள் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

இந்த நாலு வாரத்தில் கொடுக்க வேண்டிய பெரிய மீன்களைக் கொடுத்து முடித்துவிடுங்கள். பழைய ஃபில்டரின் செராமிக் ரிங்குகளில் கொஞ்சத்தை வலைப்பையில் கட்டி, மாற்றுகிற நாளில் சின்னத் தொட்டிக்குள் போட்டால் இன்னும் பலம். எதுவாக இருந்தாலும் ஈரம் காயக் கூடாது, காற்றும் நிற்கக் கூடாது. என் கேனிஸ்டர் கதையில் மூன்று நாளில் நடந்தது, மூடிய டப்பாவில் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும்.

பழைய கல்லை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். அடியில் வருடக்கணக்கில் சேர்ந்த சேறு இருக்கும், கறுத்த இடங்களைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது மீனைக் கொல்லும். மேலாக ஒரு விரல் ஆழக் கல்லை மட்டும் எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசிப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர்

மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளை எரிக்கும், ஸ்பாஞ்சில் வளர்த்த பாக்டீரியாவையும் கொல்லும். டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் குழாயின் முனையில் மாட்டிக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கிற ஆன்டி குளோரினை லேபிளில் உள்ள அளவில் விடுங்கள். டிரம்மை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். டெங்கு கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை மாதிரிக் கடலோரப் பக்கம் பல வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருக்கும். நியான் டெட்ரா அதில் தேறாது. கப்பியும் மோலியும் கடினமான தண்ணீரை நன்றாகவே தாங்கும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற, பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, பழைய தொட்டித் தண்ணீரையும் புதிய தண்ணீரையும் அளந்து பாருங்கள். வருடக்கணக்கில் ஆவியாகி, மேலே மேலே ஊற்றிவந்த பழைய தொட்டியில் உப்பு ஏறியிருக்கும். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால், மாற்றும் நாளுக்கு முந்தைய மூன்று வாரமும் பெரிய தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் மாற்றி இரண்டையும் நெருக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மாற்றும் நாள்

முந்தின நாள் தீனி போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு போடாது. விடிகாலை ஐந்தரைக்கே தொடங்குங்கள், அந்தக் குளிர்ச்சி ஒன்பது மணிக்கு இருக்காது.

முதலில் பெரிய தொட்டியின் நடு மட்டத்திலிருந்து தெளிந்த தண்ணீரை சைபன் ட்யூபால் பக்கெட்டுகளில் இறக்குங்கள். சின்னத் தொட்டிகளை அதில் பாதி, குளோரின் போன புதுத் தண்ணீர் பாதி என்று நிரப்புங்கள். பழைய தண்ணீர் பாக்டீரியாவுக்காக இல்லை, மீனுக்குத் திடீர் மாற்றம் தெரியாமல் இருக்கத்தான். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மக் தண்ணீரோடு தூக்கி வந்து உள்ளே வைத்து உடனே பம்ப்பைப் போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அப்புறம் பெரிய தொட்டியில் அலங்காரக் கல், செடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தண்ணீரை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். முழுத் தண்ணீரில் வலையோடு துரத்தினால் மீன் அடிபட்டுக் களைத்துவிடும். வலை ஒரு கையில், அகலமான பிளாஸ்டிக் டப்பா இன்னொரு கையில். வலையால் மெதுவாக டப்பாவுக்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். கோரிடோரஸின் முள் வலையில் மாட்டிக்கொள்ளும், அதற்கு டப்பா மட்டும்தான்.

வேறு வீட்டுக்குப் போவதாக இருந்தால் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினால் சூடு ஏறாது. காசிமேட்டில் ஐஸ் மீன் வருகிற பெட்டி எளிதாகக் கிடைக்கும். வெறும் தண்ணீரில் பல முறை கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு எடுங்கள், சோப்பு கூடாது.

பையைப் புதுத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேருங்கள். பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். அன்றைக்கு லைட் வேண்டாம், தீனி வேண்டாம். மூடி கட்டாயம். புது இடத்தில் முதல் ராத்திரி மீன் குதிக்கும்.

முதல் மூன்று வாரம்

எல்லா மீனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பாதியை மாற்றி ஒரு வாரம் பாருங்கள். பெரிய தொட்டி அதுவரை ஓடட்டும், ஏதாவது தவறினால் திரும்பி வர இடம் இருக்க வேண்டும்.

அம்மோனியா, நைட்ரைட் பார்க்கிற டெஸ்ட் கிட் இருந்தால் தினமும் பாருங்கள். இரண்டுமே பூஜ்யத்தில் இருக்க வேண்டும். கிட் இல்லை என்றால் மீனைப் பாருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, துடுப்பை மடக்கி மூலையில் நிற்கிறதா? அப்படி இருந்தால் யோசிக்காமல் கால் பங்கு தண்ணீரை மாற்றி, தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள். சாதாரணமாகவே முதல் இரண்டு வாரம் தீனி பாதிதான், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பெரிய தொட்டியில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டம். எங்கள் வீட்டில் அம்மாதான் மனசு கேட்காமல் போட்டுவிடுவார்கள், கடைசியில் வாரத்துக்கான தீனியை ஏழு பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிட்டேன்.

கோடையில் சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். மூடியை வலையாக மாற்றி, மேற்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிற அளவுக்குத் தினமும் நிரப்ப வேண்டியிருக்கும். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றைச் செப்டம்பருக்குள் வாங்கி வையுங்கள். புயல் அறிவிப்பு வந்த அன்றைக்குத் தேடினால் கடையில் இருக்காது.

பெரிய தொட்டி காலியானதும்

கடைசித் தண்ணீர் மாடியில் உள்ள முருங்கைக்கும் கத்தரிக்கும் நல்ல உரம். மருந்தோ உப்போ போட்டிருந்தால் மட்டும் ஊற்ற வேண்டாம். தொட்டியை விற்பதாக இருந்தால் சீக்கிரம் விற்றுவிடுங்கள். மாதக்கணக்கில் காலியாகக் காய்ந்து கிடந்த தொட்டியை யாருக்குக் கொடுத்தாலும், முதலில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பார்த்துவிட்டே கொடுங்கள். ஓரத்து சிலிகான் விட்டிருந்தால் அவர்கள் கூடத்தில் 450 லிட்டர் ஓடும்.

எங்கள் தொட்டியை எருக்கஞ்சேரியில் ஒரு பையன் வந்து நாலு பேரோடு தூக்கிப் போனான். அது இருந்த இடத்தில் இப்போது அம்மாவின் கட்டில் கிடக்கிறது. ஃபைட்டர் தொட்டி அவர்கள் தலைமாட்டில். டிசம்பரில் மழை வலுத்தால் முதலில் அதைத்தான் மாடிக்குத் தூக்குவேன், தண்ணீரைப் பாதியாக இறக்கிவிட்டால் ஒரு ஆளே தூக்கலாம்.